உங்க தெரு பேண்டு செட்டுல ஒரு ஜாஸ் கலைஞர் இருக்கலாம்!

சாயங்காலம் ஆறரை மணி. சேலையூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மொட்டை மாடி. பத்தாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருத்தன் அங்கே நின்று டிரம்பெட் ஊதுவான். முதலில் ஒரே ஒரு சுரம், மூச்சு தீரும் வரை. அப்புறம் சர்ச்சில் பாடுகிற கீதம் ஒன்று. அது முடிந்ததும், யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில், அதே கீதத்தை வளைத்து நெளித்துத் தன் இஷ்டத்துக்கு வாசிப்பான். எனக்குப் பிடித்தது அந்த மூன்றாவது பகுதிதான்.

போன ஜூன் மாதம் சத்தம் நின்றுவிட்டது. பப்ளிக் எக்ஸாம் வருஷமாச்சே என்று நினைத்துக்கொண்டேன். காய்கறிக் கடையில் அவன் அம்மாவைப் பார்த்தபோது கேட்டேன். "படிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும்க்கா. மாடி வீட்டுல இருக்கிறவங்க, 'என்னம்மா, தினமும் சாவு வீடு மாதிரி இருக்கு'ன்னு சொல்லிட்டாங்க. மனசு கஷ்டமாயிடுச்சு. பெட்டியில வெச்சுப் பூட்டிட்டேன்" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான். ஜாஸ் டிரம்பெட்டில் அடுத்து யார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். நல்ல ஹெட்போன் வாங்கி, நியூயார்க், லண்டன் என்று தேடித் தேடிக் கேட்கிறார்கள். கேளுங்கள், நல்லதுதான். யாரைக் கேட்கலாம் என்று நானும் சொல்லப்போகிறேன். ஆனால் அந்தத் தேடலைத் தாம்பரம் ஸ்டேஷனில் இருந்து தொடங்கினால் என்ன?

சாவு ஊர்வலத்தில் பிறந்த இசை

"சாவு வீடு மாதிரி இருக்கு" என்று சொன்ன அந்த மாடி வீட்டுக்காரர், தனக்கே தெரியாமல் ஜாஸ் வரலாற்றின் முதல் பக்கத்தைச் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், நூறு வருஷங்களுக்கு முன் கறுப்பின மக்களின் இறுதி ஊர்வலங்களில் பித்தளை வாத்தியக் குழுக்கள் வாசித்துக்கொண்டு போவார்கள். கல்லறைக்குப் போகும்போது மெதுவான பக்திப் பாட்டு. அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே குழு துள்ளலான பாட்டுக்கு மாறும். பின்னால் வருகிற ஜனம் குடையைச் சுழற்றி ஆடிக்கொண்டு வரும். இந்தத் தெரு ஊர்வலங்கள், நடன அரங்குகள், சர்ச் பாட்டு, ப்ளூஸ் எல்லாம் கலந்துதான் ஜாஸ் உருவானது. முதல் ஜாஸ் நட்சத்திரங்களில் பலர் கார்னெட் அல்லது டிரம்பெட் வாசித்தவர்கள். காரணம் ரொம்ப எளிது. மைக் இல்லாத காலத்தில், தெருவில் நூறு பேர் சத்தத்துக்கு மேலே கேட்கிற வாத்தியம் அதுதான்.

லூயி ஆம்ஸ்ட்ராங் 1901இல் அந்த ஊரில் பிறந்தார். பரம ஏழை. 1912ஆம் வருஷக் கடைசி இரவில், புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டதற்காகப் போலீஸ் பிடித்து, கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் சேர்த்தது. அந்த இல்லத்து பேண்டில்தான் அவருக்கு முறையாகக் கார்னெட் சொல்லிக்கொடுத்தார்கள். 1925இல் தன் சொந்தக் குழுவோடு சிகாகோவில் இசைத்தட்டு பதிவு செய்யத் தொடங்கினார். ஜாஸில் 'தனி ஆவர்த்தனம்' என்கிற யோசனையே அதற்குப் பிறகு மாறிப்போனது.

நம் பேண்டு செட்டை நினைத்துப் பாருங்கள். கல்யாண ஊர்வலம், சர்ச் தேர், இறுதி ஊர்வலம் மூன்றுக்கும் அதே ஆட்கள்தான். அதே சிவப்புக் கோட்டு, அதே தொப்பி. கல்யாணத்தில் அவர்களுக்கு முன்னால் நின்று ஆடுகிறோம். மறுநாள் அவர்கள் வீட்டுப் பையன் டிரம்பெட் ஊதினால் காதைப் பொத்திக்கொள்கிறோம். இதில் சாதியும் இருக்கிறது, மூடி மறைக்க வேண்டாம். சாவுக்கு வாசிக்கிற எந்த வாத்தியத்தையும், அதை வாசிக்கிறவரையும் வீட்டு வாசலோடு நிறுத்திவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. பறைக்கு நடந்தது டிரம்பெட்டுக்கும் நடந்தது.

சாக்ஸபோனுக்கு இந்தக் கதி வரவில்லை. கதிரி கோபால்நாத் அதைக் கர்நாடக சங்கீத மேடைக்குக் கொண்டுவந்தார். 1994இல் வந்த 'டூயட்' படத்தில் அவருடைய வாசிப்பைக் கேட்டபின், ரிசப்ஷனுக்கு சாக்ஸபோன் வைப்பது கௌரவமான விஷயமாகிவிட்டது. டிரம்பெட்டுக்கு ஒரு 'டூயட்' வரவே இல்லை.

நமக்கும் ஜாஸுக்கும் சம்பந்தமே இல்லையா?

நிறைய இருக்கு. 1958இல் டேவ் புரூபெக் தன் குழுவோடு இந்தியா வந்தபோது மெட்ராஸில், ஆல் இந்தியா ரேடியோவில், மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். 1963இல் டியூக் எலிங்டனின் பெரிய குழு வந்தது. அதில் கூட்டி வில்லியம்ஸ், கேட் ஆண்டர்சன் என்று டிரம்பெட்டில் இரண்டு ஜாம்பவான்கள் இருந்தார்கள். பம்பாயில் கோவாக்காரர்கள் ஆட்சி. 'இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங்' என்றே பேர் வாங்கிய சிக் சாக்லேட் ஒரு டிரம்பெட்காரர்தான். இசையமைப்பாளர் சி.ராமச்சந்திராவோடு வேலை செய்தவர், 1951இல் வந்த 'அல்பேலா' படத்தில் திரையிலும் தோன்றுகிறார். பியானோ கலைஞர் லூயி பேங்க்ஸின் அப்பாவும் டிரம்பெட் வாசித்தவர். ஆம்ஸ்ட்ராங் மேல் இருந்த பக்தியில்தான் மகனுக்கு லூயி என்று பேர் வைத்தார்.

நம் சினிமாவும் இதிலிருந்து தள்ளி நிற்கவில்லை. 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் பாட்டுப் பதிவு நடக்கிற கூடத்தையே காட்டுகிற காட்சி ஞாபகம் இருக்கிறதா? எம்.எஸ்.விஸ்வநாதன் கையை வீச, வாத்தியக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வாசிப்பார்கள். இன்னொரு முறை பார்க்கும்போது முகங்களை விட்டுவிட்டு பித்தளை வாத்தியங்களை மட்டும் கவனியுங்கள். அதே வருஷம் வந்த 'புதிய பறவை'யின் பாட்டுகளையும் அப்படிக் கேளுங்கள். 1997இல் 'இருவர்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் அந்தக் காலத்து ஸ்விங் ஜாஸை மறுபடி தூசி தட்டி எடுத்தார். ஆக, நம் காதுக்கு இது புதுசு இல்லை. பேர் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மூணு பட்டன்தானே?

டிரம்பெட்டைப் பார்க்கிற எல்லாரும் கேட்கிற கேள்வி. மூன்று வால்வை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை சுரம்?

பாதி வேலையை உதடு செய்கிறது. வால்வ் எதையும் அழுத்தாமல், உதட்டின் இறுக்கத்தையும் காற்றின் வேகத்தையும் மட்டும் மாற்றினால் ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப என்று படி ஏறிப் போகலாம். இடையில் இருக்கிற சுரங்களுக்குத்தான் வால்வ். நடு வால்வ் அரை சுரம் இறக்கும், முதல் வால்வ் ஒரு முழு சுரம், மூன்றாவது ஒன்றரை சுரம். ஒவ்வொரு வால்வும் காற்று போகிற குழாயின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது, அதனால் ஒலி இறங்குகிறது. மடித்து வைத்திருக்கிற அந்தக் குழாயை நீட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் வரும்.

நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சீவாளியில் உதட்டு அழுத்தத்தை மாற்றித்தானே நாகஸ்வரக்காரர்கள் சுரத்தை அசைக்கிறார்கள்? டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ரசிக்கத் தெரிந்த காது, நல்ல டிரம்பெட்டை அடையாளம் கண்டுபிடித்துவிடும் என்பது என் கட்சி. கமகத்துக்கு டிரம்பெட் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், உண்மைதான். வால்வை பாதி அழுத்தி, உதட்டால் இழுத்துச் சமாளிக்கிறார்கள். லெபனானில் பிறந்து ஃபிரான்ஸில் வாழும் இப்ராஹிம் மாலூஃப் வாசிக்கிற டிரம்பெட்டில் நான்கு வால்வ். அரபு இசையின் கால் சுரங்களைப் பிடிப்பதற்காக அவருடைய அப்பா யோசித்து உருவாக்கியது. நம் ராகங்களுக்கும் யாராவது ஒருநாள் அப்படி ஒன்றைச் செய்து பார்க்கலாம்.

தாளத்தில் 'ஸ்விங்' என்று ஒன்றைச் சொல்வார்கள். புத்தகத்தில் படித்தால் தலை சுற்றும். 'தகிட தகிட' என்று சொல்லிப் பாருங்கள். இப்போது நடுவில் இருக்கிற 'கி'யை முழுங்கிவிட்டு 'தா..ட, தா..ட' என்று நடக்கவிடுங்கள். ஏறக்குறைய அதுதான் ஸ்விங். திஸ்ர நடை தெரிந்த ஊருக்கு இதைப் பாடமாக எடுக்க வேண்டியதே இல்லை.

யார் தேறுவார் என்று எப்படித் தெரியும்?

உச்சஸ்தாயியில் கிழிக்கிறவரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இளம் டிரம்பெட்காரர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். கைதட்டல் அதற்குத்தான் விழுகிறது, பாவம் அவர்களும் என்ன செய்வார்கள்.

நான் பார்ப்பது வேறு. முதலில், மெதுவான பாட்டு ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். நடு ஸ்தாயியில், சத்தம் குறைவாக, ஒரு சுரத்தை நடுங்காமல் பிடிக்க முடிகிறதா? உரக்க ஊதுவது சுலபம், மெல்ல ஊதுவதுதான் கஷ்டம். அடுத்து, அதே பாட்டை இரண்டாவது தடவை வேற மாதிரி வாசிக்கச் சொல்லுங்கள். இங்கேதான் குட்டு உடையும். சிலர் அப்படியே திரும்ப வாசிப்பார்கள். சிலர் சம்பந்தமில்லாமல் வேகமாக ஏறி இறங்குவார்கள். அபூர்வமாக ஒருத்தர், பாட்டின் முகம் மாறாமல், ஒரு சங்கதியை எடுத்து, அதை அடுத்த வரியில் பதில் சொல்ல வைத்து, நடுவில் கொஞ்சம் சும்மா இருந்து, பிறகு முடிப்பார். அந்த 'சும்மா இருந்து' முக்கியம். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) கேட்டிருந்தால் நான் சொல்வது புரியும். அவர் வாசிக்காமல் விட்ட இடங்களுக்காகவே அந்தத் தட்டை வாங்கலாம்.

நம் பேண்டு செட் ஆட்களிடம் ஒரு அசாத்தியத் திறமை உண்டு. நேற்று ரிலீஸான பாட்டை, போகிற வழியில் வேனில் உட்கார்ந்து மொபைலில் நாலு தடவை கேட்டுவிட்டு, இறங்கினதும் வாசித்துவிடுவார்கள். நோட்ஸ் கிடையாது, ஒன்றும் கிடையாது. காதுதான் மூலதனம். பாடகர் மூச்சு விடுகிற இடத்தில் ஒரு சின்ன நகாசு போடுவார் பாருங்கள், அது மனோதர்மம் இல்லாமல் வேறென்ன? ஆனால் பாட்டுக்குக் கீழே ஓடுகிற கார்டுகள் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கம், டிரினிட்டி பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். எட்டு கிரேடு, அழகான நோட்டேஷன் வாசிப்பு, சான்றிதழ் ஃபிரேம் போட்டு ஹாலில் தொங்கும். காகிதத்தை எடுத்துவிட்டால் கை நடுங்கும். ஜாஸுக்கு இரண்டும் வேண்டும். இந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே தாம்பரம் மாநகராட்சியில்தான் இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் சந்திப்பதே இல்லை. எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் இதுதான்.

பார்சிலோனாவில் ஒரு தாம்பரம்

சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஸ்பெயினில் பார்சிலோனாவின் ஓரத்தில் சான்ட் ஆண்ட்ரூ என்று ஒரு பகுதி. ஒரு காலத்தில் தனி ஊர், அப்புறம் நகரத்தோடு சேர்க்கப்பட்டது. 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து மாநகராட்சி ஆன கதை மாதிரி. அங்கே நகராட்சி நடத்துகிற இசைப் பள்ளியில் ஜோன் சமோரோ என்கிற ஆசிரியர் 2006இல் ஒரு குழந்தைகள் ஜாஸ் குழுவை ஆரம்பித்தார். ஏழெட்டு வயசுப் பிள்ளைகள்கூட அதில் உண்டு. பரீட்சை வாசிப்புக்கு முன்னால் காது, கேட்டு வாசிப்பது, மேடை. வாசித்ததையெல்லாம் படம் பிடித்து யூடியூபில் போட்டார்.

அந்தக் குழுவில் இருந்து வந்தவர்தான் டிரம்பெட் வாசித்துக்கொண்டே பாடுகிற ஆண்ட்ரியா மோட்டிஸ். 1995இல் பிறந்தவர், இன்றைக்கு உலகம் சுற்றுகிறார். அவருக்குப் பின்னால் அல்பா அர்மெங்கூ, எல்சா அர்மெங்கூ என்று அக்காவும் தங்கையும் டிரம்பெட்டோடு வந்தார்கள். ஆண்ட்ரியா பதின்வயதில் வாசித்த வீடியோக்களைத் தேடிப் பாருங்கள், உங்கள் வீட்டுப் பெண் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. நம்மூர் பேண்டு செட்டில் பெண்களைக் காண்பது எவ்வளவு அரிது என்று அப்போது உறைக்கும்.

வெளியூரில் யாரைக் கேட்கலாம்?

நீளமாகப் பட்டியல் போட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் நான்கைந்து பேர் மட்டும்.

அம்ப்ரோஸ் அகின்முசிரே இப்போது 'இளையவர்' வரிசையில் வரமாட்டார், 1982இல் பிறந்தவர். ஆனாலும் இன்றைய பிள்ளைகள் பலர் அண்ணாந்து பார்ப்பது அவரைத்தான். தெலோனியஸ் மாங்க் பேரில் அமெரிக்காவில் அப்போது நடந்த சர்வதேசப் போட்டியில் 2007ஆம் வருஷம் டிரம்பெட்டுக்கானது, அதில் வென்றார். 2014இல் மறுபடி டிரம்பெட் முறை வந்தபோது சிகாகோவின் மார்க்விஸ் ஹில். இந்த மாதிரிப் போட்டிகளின் முடிவுகளைப் பின்தொடர்வது புதியவர்களைப் பிடிக்க நல்ல குறுக்குவழி. வென்றவரோடு இறுதிச் சுற்றில் தோற்றவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பல சமயம் அவர்கள்தான் சுவாரசியம்.

ஆடம் ஓஃபாரில் நமக்குக் கொஞ்சம் சொந்தக்காரர் மாதிரி. 1994இல் பிறந்தவர், தாத்தா, அப்பா இருவரும் பெரிய இசைக்கலைஞர்கள். இந்திய வம்சாவளி சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா 2015இல் வெளியிட்ட 'பேர்ட் கால்ஸ்' ஆல்பத்தில், இருபது வயசை ஒட்டிய இந்தப் பையன் அவரோடு தோளோடு தோள் நின்று வாசிக்கிறார். இதே மகந்தப்பாதான் நம் கதிரி கோபால்நாத்தோடு சேர்ந்து 2008இல் 'கின்ஸ்மென்' கொண்டுவந்தவர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மிருதங்கக் கச்சேரி பழகிய காதுக்கு ஜாஸ் கதவு திறக்க இதைவிட நல்ல சாவி எனக்குத் தெரியாது.

பஹாமாஸ் தீவில் இருந்து நியூயார்க் போன கிவ்டன் கெலினிடம் பழைய ஆட்களின் உருண்டையான நாதம் இருக்கிறது. பால்டிமோர் நகரத்து பிராண்டன் வுடி 2025இல் ப்ளூ நோட் நிறுவனத்தில் முதல் ஆல்பம் கொடுத்தார். சொந்த ஊரை விட்டுக்கொடுக்காத இசை, அதில் சர்ச் வாசனை அடிக்கும். பஹ்ரைன் வேர் கொண்ட லண்டன் கலைஞர் யாஸ் அகமத், அரபு ஸ்தாயிகளோடு ஜாஸைக் குழைக்கிறார். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு அது தனியாகப் பிடிக்கும்.

தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், மூத்த டிரம்பெட் கலைஞர் வாடாடா லியோ ஸ்மித்தோடு 2016இல் ஒரு ஆல்பம் செய்தார். ஸ்மித் 1941இல் பிறந்தவர், எந்தக் கணக்கிலும் இளைஞர் இல்லை. ஆனால் ஒரு டிரம்பெட் எவ்வளவு குறைவாகப் பேசி எவ்வளவு சொல்லலாம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதைப் போட்டுக் காட்டுங்கள்.

இங்கே எங்கே கேட்பது?

தாம்பரத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து ஜாஸ் கேட்கிற மாதிரி ஒரு கிளப்பை நான் பார்த்ததில்லை. அதனால் டிரம்பெட் இருக்கிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். டிசம்பர் மாதம் நல்ல சீசன். பரங்கிமலை மேலே இருக்கிற மாதா கோவில் திருவிழா 18ஆம் தேதி. அதைச் சுற்றிய நாட்களில் கிறிஸ்துமஸ் கேரல் குழுக்கள் பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் தெருக்களில் ராத்திரி சுற்றும். அந்தக் குழுக்களில் பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பார்கள். ஆகஸ்ட் 29 தொடங்கி செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவில் திருவிழா. ஊர்வலத்தின் முன்வரிசையில் நின்றுகொண்டு, டிரம்பெட் வரிசையில் யார் நோட்டை விட்டு வெளியே போய்த் திரும்புகிறார் என்று காது கொடுங்கள். கல்யாண முகூர்த்த நாளில் ஜி.எஸ்.டி. ரோடு மண்டபங்கள் பக்கம் சும்மா நடந்தாலே போதும்.

கல்லூரி விழாக்களையும் விடாதீர்கள். 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறி வந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் 'டீப்வுட்ஸ்', ஐ.ஐ.டி.யின் 'சாரங்' இரண்டிலும் பேண்டு போட்டிகள் உண்டு. கிடார்தான் ஆதிக்கம். பின்வரிசையில் டிரம்பெட்டோடு யாராவது நின்றால் அவரைப் போய்ப் பாராட்டிவிட்டு வாருங்கள். ஏப்ரல் 30 யுனெஸ்கோ அறிவித்த சர்வதேச ஜாஸ் தினம். அந்த வாரத்தில் நகருக்குள் ஏதாவது நிகழ்ச்சி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு, 2008இல் ஏ.ஆர்.ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி, கிடார் கலைஞர் பிரசன்னா தலைமையில் 2010இல் செய்யூர் பக்கம் ஆரம்பித்த ஸ்வர்ணபூமி அகாடமி என்று இந்தத் தலைமுறையில் வாசல்கள் திறந்திருக்கின்றன. பணம்தான் பிரச்னை, அதை மறுக்க முடியாது.

வீட்டில் ஒரு பிள்ளை கேட்டால்?

"அப்பா, எனக்கு டிரம்பெட்" என்று பிள்ளை வந்து நின்றால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். பால் பல் விழுந்து முன்பல் நன்றாக முளைத்த பிறகு, எட்டு, பத்து வயசுக்கு மேல் ஆரம்பிப்பது நல்லது. மவுத்பீஸ் அழுத்துவது அந்தப் பற்கள் மேல்தான். பல்லுக்கு கிளிப் போட்டிருந்தால் கொஞ்ச நாள் உதடு படாத பாடு படும், டாக்டரிடமும் ஆசிரியரிடமும் பேசிக்கொள்ளுங்கள்.

பேண்டு செட்களில் பார்க்கிற டிரம்பெட்டுகளில் நிறைய உத்தரப் பிரதேசத்து மீரட் நகரத்தின் ஜாலி கோட்டி பகுதியில் செய்யப்பட்டவை. விலை குறைவு. ஆனால் வால்வ் சிக்குகிறதா, சுருதி நிற்கிறதா என்று தெரிந்தவரை வைத்து ஊதிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். யமஹா மாதிரி கம்பெனிகளின் மாணவர் மாடல்கள் பல மடங்கு விலை. என் யோசனை, நல்ல நிலையில் இருக்கிற செகண்ட் ஹேண்ட். 1842இல் இருந்து இருக்கிற மவுண்ட் ரோடு மியூசி மியூசிகல் கடைக்குப் போய் ஒருமுறை புதுசை ஊதிப் பார்த்துவிட்டு வந்தால், செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது காதுக்கு ஒரு அளவுகோல் கிடைக்கும். மவுத்பீஸ் '7சி' என்கிற அளவில் ஆரம்பிப்பது வழக்கம். வால்வுக்கு அதற்கென்று விற்கிற எண்ணெய் மட்டும்தான். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் வேண்டாம். மவுத்பீஸை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளவும் கூடாது.

ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும், அதுவும் விட்டு விட்டு. ஊதுகிற நேரத்துக்குச் சமமாக ஓய்வு. உதடு தசைதானே, ஜிம்முக்குப் போகிற மாதிரிதான். ஆர்பன் என்கிற பிரெஞ்சுக்காரர் 1864இல் எழுதிய பயிற்சிப் புத்தகம் இன்றைக்கும் டிரம்பெட்காரர்களின் பாலபாடம், காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கூடவே ஒரு பழைய தனி வாசிப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செட் பேக்கர் வாசித்தது நல்லது, அதிகம் ஓடாது, பாடுகிற மாதிரி இருக்கும். யூடியூபில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, முதலில் வாயால் பாடி, பிறகு ஊதிப் பழக வேண்டும். நம் குருகுலத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்த முறையே இதுதான்.

அப்புறம், அக்கம்பக்கம். ஃபிளாட் வாழ்க்கையில் இதுதான் பெரிய தலைவலி. டிரம்பெட்டின் வாயில் சொருகுகிற பிராக்டிஸ் மியூட் வாங்கினால் சத்தம் பெருமளவு அடங்கிவிடும். வாசிக்கிறவர் மட்டும் ஹெட்போனில் கேட்கிற மாதிரி யமஹா 'சைலண்ட் பிராஸ்' என்றே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. ஆனால் எப்போதும் மியூட்டோடு ஊதினால் காற்று எதிர்த்துத் தள்ளி வாசிப்பு இறுகிப்போகும். வாரத்துக்கு இரண்டு நாளாவது திறந்த வெளி வேண்டும். எங்கள் பக்கம் ஏரிக்கரைகளுக்கு என்ன பஞ்சம்? செம்பாக்கம், சிட்லபாக்கம், சேலையூர் என்று எங்கே போனாலும் ஒரு கரை இருக்கிறது. கொக்குகள் புகார் சொல்வதில்லை.

சேலையூர் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அம்மாவிடம் நியூ ஆர்லியன்ஸ் கதையை, ஆம்ஸ்ட்ராங் கதையை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் சரிக்கா, அந்த மாடி வீட்டு அம்மா கிட்ட இதை யாரு சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. நானே போனேன். அந்த அம்மாவுக்கு ஜாஸும் தெரியாது, ஆம்ஸ்ட்ராங்கும் தெரியாது. பேச்சு வாக்கில், எம்.எஸ்.வி. பாட்டு என்றால் உயிர் என்று சொன்னார். 'சர்வர் சுந்தரம்' காட்சியை என் மொபைலில் போட்டுக் காட்டி, "இதோ, இந்த வாத்தியம்தான் அந்தப் பையன் வாசிக்கிறது" என்றேன். இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். "இந்தப் பாட்டு வாசிப்பானா?" என்று கேட்டார்.

பரீட்சை முடிந்தது. ஏப்ரல் மாதத்தில் இருந்து பெட்டி மறுபடி திறந்திருக்கிறது. செவ்வாய், வியாழன் மியூட்டோடு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் மொட்டை மாடியில், ஆறில் இருந்து ஆறே முக்கால் வரை. அந்தப் பாட்டில் இன்னும் இரண்டாவது சரணம் உதைக்கிறது. முதல் சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவில் போன வாரம் அவனாக ஏதோ ஒன்று போட்டான். மாடி வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது.